திருச்சிக்கா? எப்பப் போறீங்க?

என் பெயர் பேச்சியம்மாள். 1985இல் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தேன். அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் அது. அவளுக்கு அவள் ஆச்சியின் பெயர். அப்படியே மேலே போனால், மடியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு கண்ணை உருட்டி உட்கார்ந்திருக்கும் பேச்சியம்மனிடம் போய் முடியும். அப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். பெரியப்பா வீட்டில் ஒரு பேச்சி, சித்தப்பா வீட்டில் ஒரு பேச்சி, பம்பாயில் இருந்த அத்தை வீட்டில் ஒரு பேச்சி. விசேஷ வீட்டில் யாராவது "ஏட்டி பேச்சி" என்றால் நாலு தலை திரும்பும். அதனால் நான் வாத்தியார் வீட்டுப் பேச்சி, சித்தப்பா மகள் கடைக்காரப் பேச்சி, அத்தை மகள் பம்பாய்ப் பேச்சி. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேரன் ஆயிற்று என்று தமிழையா சொன்னபோது எங்களுக்கு அது பாடமாகவே தெரியவில்லை. வீட்டு விஷயத்தை ஏன் இவர் கரும்பலகையில் எழுதுகிறார் என்றுதான் தோன்றியது.

போன வாரம் சித்தி மகள் ஒருத்தி வாட்ஸ்அப்பில் அறுபது பெயர்கள் கொண்ட பட்டியலை அனுப்பியிருந்தாள். ஏழாம் மாதம். "அக்கா, பழைய பேரா வைக்கவா, மாடர்னா வைக்கவா? நீங்கதான் ரெண்டையும் பாத்தவங்க" என்று கேள்வி. குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன், பதினோரு நிமிடம் ஓடிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளின் பெயரைப் பொதுவெளியில் போடக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒப்பந்தம். அதனால் மகள் பெயர், மகன் பெயர், மாமனார் பெயர் மூன்றும் இங்கே கொஞ்சம் மாறியிருக்கும், ரகம் மாறாது. என் பெயர் மட்டும் அசல்.

2003இல் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தவர் என் பெயரில் வந்து நின்றார், நிமிர்ந்து பார்த்தார், ஒரு சிரிப்பை விழுங்கிவிட்டு வாசித்தார். அவர் விழுங்கியதை வகுப்பு விழுங்கவில்லை. அந்த வகுப்பில் திவ்யா மூன்று பேர், பிரியா ஐந்து பேர், ஐஸ்வர்யா இரண்டு பேர். நடுவில் நான். "பேச்சியம்மா, உன் பேச்சையே காணோமே" என்ற ஜோக்கை மூன்று வருடத்தில் எத்தனை பேர் தானே கண்டுபிடித்ததாக நினைத்துச் சொன்னார்கள் என்று கணக்கு வைத்திருந்தால் சுவாரசியமாக இருந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் அரசிதழில் பெயரை மாற்றிவிடுவது என்று முடிவுசெய்து, விண்ணப்பம்கூட வாங்கிவிட்டேன். பிரியதர்ஷினி என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுப் பழகினேன். ஆச்சி அப்போது உயிரோடு இருந்தாள். லீவுக்கு ஊருக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். விண்ணப்பம் அப்படியே ஒரு புத்தகத்துக்குள் கிடந்து மஞ்சளாகிவிட்டது.

இந்த வடுவோடுதான் 2014இல் மகள் பிறந்தாள் என்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிது. யாருக்கும் இல்லாத பெயர், ஸ்டைலான பெயர், வகுப்பில் யாரும் சிரிக்க முடியாத பெயர் வேண்டும். அதில் நான் உறுதி. கணவருக்கும் சம்மதம். மாமியாருக்கு (அவர் எனக்கு சொந்த அத்தை இல்லை, ஆனால் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) ஒரே நிபந்தனை, நட்சத்திரப்படி எழுத்து இருக்க வேண்டும்.

நட்சத்திரம் ஆயில்யம். "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது" என்ற பேச்சு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டது, அத்தைதான் "அது அவ மாமியா கவலப்பட வேண்டியது, இப்ப என்னத்துக்கு" என்று வாயை அடைத்தார். சரி, எழுத்து? ஜோசியர் தாளில் எழுதிக் கொடுத்தார்: டி, டு, டே, டோ. யோசித்துப் பாருங்கள், தமிழ்நாட்டில் ஒரு பெண் குழந்தைக்கு "டி"யில் பெயர். கூப்பிட ஆரம்பிக்கும்போதே திட்டுவது போல இருக்கும். இந்த எழுத்துக் கணக்கு முழுக்க வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. ட என்ற எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரவே வராது என்று நன்னூல் விதி போட்டு வைத்திருக்கிறது. ர, ல வராது என்பதால்தான் பழைய ஆட்கள் இராமன், இலட்சுமி என்று இ சேர்த்து எழுதினார்கள். திருவாதிரைக்குப் பாருங்கள், கு, க, ங, ச. ங-வில் என்ன பெயர் வைப்பது? ஜோசியரே வழியும் சொன்னார், டவுக்குப் பதில் த போட்டுக்கொள்ளலாமாம். போட்டுக்கொள்ளலாம் என்றால் முதலில் எதற்கு எழுத்து என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள், தூக்கமே இல்லை, தகராறு செய்யத் தெம்பு ஏது.

த-வில் தேடித் தேடி, இணையத்தில் ஒரு பட்டியலில் கிடைத்தது: த்ரிஷிகா. பொருள் "மகாலட்சுமி, விடியல் ஒளி" என்று போட்டிருந்தது. பிடித்துப்போயிற்று.

அதோடு விடவில்லை. கணவரின் பெரியப்பா ஒருவர் எண் கணிதம் பார்ப்பவரிடம் கூட்டிப் போனார். இரண்டாயிரம் ரூபாய். அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, கூட்டி, உதட்டைப் பிதுக்கி, கடைசியில் ஒரு ஹெச்சும் இன்னொரு ஏயும் சேர்க்கச் சொன்னார். தமிழில் எழுதினால் பெயர் அதே பெயர்தான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. அம்பாசமுத்திரத்து வம்சத்துப் பிள்ளையின் தலையெழுத்து ஆங்கில ஹெச்சில் தொங்குவது எப்படி என்று இப்போது கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டோம். அந்த ஹெச்சுக்கும் ஏவுக்கும் நாங்கள் கொடுத்த விலையை அப்புறம் சொல்கிறேன்.

ஊரில் பெயர் வைத்தோம். தொட்டில் கட்டி, சேனை வைத்து (நாக்கில் சீனி தொட்டு வைப்பது), காதில் மூன்று தடவை பெயர் சொல்லி எல்லாம் முறைப்படி. ஆச்சிக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. காது கொஞ்சம் மந்தம். "பிள்ளைக்கு என்ன பேருட்டி விட்டிருக்கீங்க?" என்றாள். குனிந்து சத்தமாகச் சொன்னேன், "த்ரிஷிகா, ஆச்சி."

"திருச்சிக்கா? எப்பப் போறீங்க?"

வீடே சிரித்தது. நானும்தான். மறுபடி சொன்னேன், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஆச்சி இரண்டு மூன்று தடவை முயன்றாள். த்ரி என்று தொடங்கும் ஒலி அவள் நாக்கில் இல்லை, திரு என்றுதான் வந்தது. ஷி சி ஆயிற்று. கடைசியில் "வாயில நுழைய மாட்டேங்கு தாயி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்தி, "ஏ குட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் உயிரோடு இருந்தாள். ஒரு நாள்கூட என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியவில்லை. தனக்குப் பேர் வைக்கவில்லையே என்று அவள் வருத்தப்படவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் சொல்ல வராத பெயரை நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைக்க எனக்குத்தான் நாளாயிற்று.

மகளைப் பள்ளியில் சேர்த்தபோது இரண்டாவது அடி. யாருக்கும் இல்லாத பெயர் என்று தேடியதல்லவா? எல்கேஜியில் இருபத்தெட்டு பிள்ளைகள். த்ரிஷிகா இன்னொருத்தி இருந்தாள். தவிர த்ரிஷா, ரிஷிகா, தன்ஷிகா, யாஷிகா, ஹன்ஷிகா. பையன்களில் ரித்விக், சாத்விக், தன்விக், ருத்விக். டீச்சர் கூப்பிட்டால் "ஷிகா"வில் முடியும்போது ஆறு பிள்ளைகள் எழுந்து நின்றன. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் நாலு பேச்சி திரும்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே நாலு பேரும் ஒரே கிழவிக்குப் பேத்திகள். இங்கே ஆறு பேரின் அப்பா அம்மாவும் ஒரே பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். அதே நேரம், ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்க்கும் என் அலுவலகத்தில் பேச்சியம்மாள் நான் ஒருத்திதான்.

அந்தப் பொருள் விஷயமும் பிற்பாடு கிழிந்தது. சமஸ்கிருதம் படித்த ஒரு தோழியிடம் கேட்டேன். "திருஷ் என்றால் தாகம். அதிலிருந்து இழுத்தால் ஏதாவது வரலாம், மகாலட்சுமி எங்கிருந்து வந்தாள்?" என்றாள். இணையப் பட்டியல்களைக் கவனித்துப் பாருங்கள், புரியாத பெயருக்கெல்லாம் மூன்றே பொருள்தான்: லட்சுமி, கடவுளின் பரிசு, சூரியக் கதிர். ஒரு தளம் எழுதியதை நூறு தளம் நகலெடுக்கும். பெயரின் பொருள் உங்களுக்கு முக்கியம் என்றால் அகராதியைத் திறங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே தேடும் வசதியோடு இருக்கிறது, சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதியும் அப்படியே. இரண்டு நிமிட வேலை. அகராதியில் இல்லாத பெயர் வைக்கக் கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம், ஒலிக்காகவே பெயர் வைக்கலாம். ஆனால் பிள்ளை எட்டு வயதில் "என் பேருக்கு அர்த்தம் என்னம்மா" என்று கேட்கும்போது பொய் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொன்னேன். விடியல் ஒளி என்று.

ஹெச் விலைக்கு வருகிறேன். மருத்துவமனைப் பதிவில் ஒரு ஏ, ஆதாரில் இரண்டு ஏ, பள்ளிப் பதிவில் ஹெச் மட்டும் காணோம். ஆதாரில் இன்னொரு கூத்து, ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினி தானாகத் தமிழாக்கியதில் பெயர் "த்ரிஷிகாஹ்" என்று வந்திருந்தது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டோம். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டியது. திருத்த நான் போட்ட லீவு ஒன்பது நாள். ஊர்ப் பக்கம் யாழினி, மகிழன், எழில் என்று வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு, ழகரத்துக்கு ஒருவர் இசட் ஹெச் போடுவார், ஒருவர் எல் போடுவார். என்ன எழுத்துக்கூட்டு என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, கொட்டை எழுத்தில் எழுதி, அதை போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் அந்தத் தாள்தான் பேச வேண்டும், நீங்கள் வாயால் சொல்லக் கூடாது.

இன்னொன்று, அவசரமே படாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலேயே பதியலாம். பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமே கிடையாது. அதற்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வயது வரை சேர்க்கலாம். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது "பேர் என்னன்னு சொல்லுங்க, இப்பவே போட்டுடலாம்" என்று கேட்பார்கள், பதறிப்போய் ஏதாவது சொல்லிவிடாதீர்கள். ஏறிய பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒரு வேலை என்றால், பெயரையே மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை. அதிலும் 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். முன்னே மாதிரி டிசியில் உள்ள பெயர், ரேஷன் கார்டில் உள்ள பெயர் என்று சமாளித்துப் போக முடியாது.

இனிஷியல் பற்றி யாரும் யோசிப்பதில்லை, என் தோழி யோசிக்கவில்லை. அவள் கணவர் பெயர் நாராயணன். மகளுக்கு ஆசை ஆசையாக யாழினி என்று வைத்தாள். நல்ல பெயர்தான். தமிழில் முன்னெழுத்தோடு எழுதிப் பாருங்கள்: நா.யாழினி. சேர்த்துப் படித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன்கள் சேர்த்துத்தான் படிப்பார்கள். பிள்ளை அழுதுகொண்டே வந்த நாளிலிருந்து அவள் நோட்டில் எல்லாம் நாராயணன் என்று முழுசாக எழுதிக் கொடுக்கிறாள். வெளிநாட்டு ஆசை இருக்கும் குடும்பம் என்றால் அதையும் இப்போதே யோசிக்கலாம். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஒற்றைப் பெயர் ஆகிவிடும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் விட முடியாது என்று சொல்லி, பிறகு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று விளக்கம் கொடுத்தது. அந்த இரண்டு மூன்று நாளில் துபாய்க்கு டிக்கெட் போட்டிருந்த என் கொழுந்தனார் பட்ட பாடு எங்கள் வீட்டில் தனிக் கதை. கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டாலோ, வெள்ளைக்காரன் நம்மை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவான். என்னை ஒரு வாடிக்கையாளர் இரண்டு வருடமாக "மிஸ் சங்கரலிங்கம்" என்கிறார். பழகிவிட்டது. அப்பாவுக்குத்தான் பெருமை.

இத்தனையும் படித்துவிட்டு, ஓ, பழைய பெயர்தான் நல்லது என்று சொல்ல வருகிறாளாக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். பழைய பெயர், பாரம்பரியம் என்று உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரால் அடி வாங்காதவர்கள். எங்கள் ஊரில் குப்பன், சுப்பன், முனியன் என்று அன் விகுதி போட்டு அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பொடியன் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கூப்பிட்டவன் எந்தத் தெரு, கூப்பிடப்பட்டவர் எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. அதே முனி மேலத்தெருவில் முனுசாமி. பெயரைக் கேட்டதும் தெருவைக் கண்டுபிடித்துவிடுகிற ஊரில், கீழத்தெருக்காரர் ஒருவர் தன் மகனுக்கு அஸ்வின், ரோஷன் என்று வைத்தால் அது மோகம் கிடையாது, தப்பிக்கிற வழி. போதும்பொண்ணு என்று பெயர் வைக்கப்பட்ட அக்கா ஒருத்தி எங்கள் பள்ளியில் படித்தாள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வந்த பெயர். அதுவும் பழைய பெயர்தான். அவளிடம் போய்ப் பாரம்பரியம் பேச முடியுமா?

அப்புறம், எது பழசு? சரோஜாவும் விமலாவும் ஒரு காலத்தில் படு மாடர்ன். எழுபதுகளில் ரமேஷ், சுரேஷ் வைத்தபோது கிழவிகள் முகத்தைச் சுளித்திருப்பார்கள், இன்று ரமேஷ் என்றாலே மாமா வயசுக்காரர் ஒருவர் கண்ணில் வந்து நிற்கிறார். வேதாசலம் 1916 வாக்கில் மறைமலை ஆனார், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார், பிற்பாடு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்தப் பெயர்கள் கேட்டவுடன் சங்க காலத்து வாசம் அடிக்கும். ஆனால் அவை வந்தபோது புத்தம் புதுசு. 1953 மார்ச்சில் பிறந்த பிள்ளைக்கு, அதே வாரம் இறந்த ரஷ்யத் தலைவரின் பெயரை கருணாநிதி வைத்தபோது அதைவிட அந்நியமான பெயர் இருந்திருக்க முடியுமா? இன்று தமிழ்நாட்டில் ஸ்டாலின் என்பது தமிழ்ப் பெயர் போலத்தான் வாயில் வருகிறது. இப்போது வெண்பா, நறுமுகை, ஆதிரன், அகரன், இனியா என்று ஒரு அலை அடிக்கிறது. எனக்குப் பிடித்த அலை. ஆனால் அதுவும் அலைதான், இன்னும் பத்து வருடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று ஆதிரன் இருப்பார்கள். இருக்கட்டும், ஒரே மாதிரி இருப்பது குற்றமில்லை.

அதனால் பழசா புதுசா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். யார் யார் வாய் இந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறது என்று மட்டும் பார்க்கிறேன். பட்டியலில் கண்ணுக்கு அழகாக இருக்கும் பெயர் வாய்க்கு வந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். பெயரை மொட்டை மாடியிலிருந்து கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கத்திப் பாருங்கள். ஆ, ஈ என்று நீளும் பெயர் காற்றில் போகும், "ரித்விக்" என்று கத்தினால் க்கில் மூச்சு முட்டி நின்றுவிடும். கோபத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், கொஞ்சிப் பாருங்கள். போனில் ஒருவரிடம் ஒரே தடவை சொல்லி எழுதவையுங்கள். வீட்டில் இருக்கும் ஆக வயதானவரிடம் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். ஆச்சியிடம் நான் பெயர் வைத்த பிறகு சொன்னேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

2021இல் மகன் பிறந்தான். அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் மாமனார் தவறினார். அவர் பெயர் சுடலைமுத்து. அத்தை வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணவர்தான் தடுமாறினார். "சுடலைன்னா சுடுகாடு. தாம்பரத்துல அபார்ட்மென்ட்ல இந்தப் பேர வச்சுட்டு அவன் எப்படி இருப்பான்? நீ பட்டது போதாதா?" நான் பட்டது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு வாரம் நானும் வாய் திறக்கவில்லை. முத்துக்குமரன், முத்துவேல் என்று நடுவழி பார்த்தோம். வீட்டில் ஒரு பேர், ஏட்டில் ஒரு பேர் என்றும் பார்த்தோம், எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் சமாளிக்கின்றன, மோசமான வழி இல்லை. ஆனால் ஏட்டுப் பெயர் பள்ளிக்கூடத்தில் ஜெயித்துவிடும், வீட்டுப் பெயர் கிழவர்களோடு போய்விடும். கடைசியில் பெயரை நான்தான் சொன்னேன். முழுப் பெயரும், வெட்டாமல் ஒட்டாமல். கூப்பிட முத்து. முத்து என்று கூப்பிட முடியாத வாய் தமிழ்நாட்டில் இல்லை. பெரியவனானதும் வேண்டாம் என்று தோன்றினால் அரசிதழில் மாற்றிக்கொள்ளட்டும், விண்ணப்பம் நானே வாங்கித் தருகிறேன். அதை அவனுக்கு எழுதியே வைத்திருக்கிறேன்.

பெயர் வைக்கும் அன்று ஒரு சிக்கல் வந்தது, நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. எங்கள் பக்கம் கட்டிக்கொண்டவர் பெயரைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட அத்தை பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார், அவர் சொல்வார். மாமியார் மாமனார் பெயரும் அப்படியே. அதனால்தான் அந்தக் காலத்தில் தாத்தா பெயர் வைத்த பிள்ளையை வீட்டு மருமகள்கள் "பெரியவனே", "ஐயா" என்று கூப்பிட்டார்கள், திட்டவும் முடியாமல் தவித்தார்கள். நான் அந்தத் தலைமுறை இல்லை, மாமனார் பெயரைச் சொல்லி மகனைத் திட்ட எனக்குக் கூச்சம் ஒரு மாதம்தான் இருந்தது. ஆனால் அத்தை? நாற்பத்தாறு வருடம் சொல்லாத பெயரை, காதில் மூன்று தடவை சொல்ல வேண்டியவர் அவர். அவர்தான் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், அப்படிச் சொன்னபோது இது எனக்கு நினைவே இல்லை.

தொட்டில் பக்கத்தில் நின்றார். முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டார். நாத்தனார் "அம்மா, நான் சொல்லட்டா" என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். குனிந்தார். எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பிள்ளையின் காதையும் தன் வாயையும் சேர்த்து முந்தானையால் மூடிக்கொண்டார். மூன்று தடவை தலை அசைந்தது, அது மட்டும் தெரிந்தது. பிள்ளை ஒரு தடவை சிணுங்கினான். நிமிரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், சொல்லியாச்சு, சீனியத் தொட்டு வையுங்க" என்றார்.

என்ன சொன்னீர்கள் என்று நான் பிற்பாடு இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "போட்டி, வேல இல்ல உனக்கு" என்பார். மகனை இன்றுவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார். அவனும் "ஆச்சி, என் பேரு முத்து, முத்துன்னு கூப்பிடு" என்று காலைக் கட்டிக்கொண்டு நச்சரிக்கிறான்.